ஜனவரியில் பார்த்த வீடு

நாங்கள் குளிரான மலைநாட்டு ஹட்டன் பக்கத்திலிருந்து திருகோணமலைக்கு வந்தது 2017 ஜனவரியில். நான் ஆஸ்பத்திரியில் தாதி. இடமாற்றக் கடிதம் டிசம்பர் நடுவில்தான் கைக்கு வந்தது. கணவர் கணித ஆசிரியர்; அவருடைய மாற்றம் ஒரு தவணை பிந்தும் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே முதல் நான்கு மாதமும் நான், அத்தை, தரம் 9 படிக்கும் மகள், தரம் 4 படிக்கும் மகன், இவ்வளவு பேர்தான். அவர் மாதம் இரண்டு தடவை பஸ் ஏறி வந்து, ஒரு நாள் தூங்கிவிட்டுத் திரும்பிப் போவார்.

வீடு பார்க்க எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அலஸ்தோட்டத்தில், கடல் சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு வீடு. முதல் நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. முற்றத்து மணல் நனைந்து குளிர்ந்து கிடந்தது. கிணற்றில் குனிந்து கையாலேயே தண்ணீர் அள்ளலாம் போல இருந்தது. கடல் பக்கமிருந்து காற்று விடாமல் வந்துகொண்டிருந்தது. "திருகோணமலை நெருப்பாக் கொதிக்கும்னு சொன்னாங்க. இது நம்ம ஊரு ஏப்ரல் மாதிரியில்ல இருக்கு" என்றார் அத்தை. அங்கேயே ஆறு மாத முற்பணம் கொடுத்து, ஒரு வருடத்துக்கு ஒப்பந்தமும் எழுதிவிட்டோம்.

நாங்கள் பார்த்தது வீட்டை இல்லை, ஜனவரியை. இது எனக்கு விளங்க மே மாதம் வரை ஆனது.

அதற்கு முன் லொறிக் கதை ஒன்று. சாமான்களை ஏற்றும் அவசரத்தில் பிள்ளைகளின் விடுகைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை எல்லாம் இருந்த கோப்பை அலுமாரி லாச்சியில் வைத்துப் பூட்டி, அலுமாரியை லொறியின் அடியில் ஏற்றியாகிவிட்டது. நாங்கள் பஸ்ஸில் வந்து சேர்ந்தோம். லொறி வழியில் பழுதாகி இரண்டு நாள் கழித்து வந்தது. பாடசாலை தொடங்கி எல்லாப் பிள்ளைகளும் போன பிறகுதான் என் இரண்டும் போயின. அதோடு கிராம சேவகரிடம் வதிவிடச் சான்று கேட்டால், வீட்டுக்காரர் கையெழுத்து வைத்த கடிதம் வேண்டும் என்றார். மின்சார பில் வீட்டுக்காரர் பெயரில், வீட்டுக்காரரோ கொழும்பில். இடம் மாறுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கடதாசிகள் உங்கள் மடியில் வரட்டும், கட்டிலும் அலுமாரியும் எப்போது வந்தாலும் பரவாயில்லை. முற்பணம் கொடுக்கிற அன்றைக்கே வீட்டுக்காரரிடம் கடிதத்தையும் பில் பிரதி ஒன்றையும் வாங்கிவிடுங்கள். பணம் கை மாறிய பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது வேறு வேலை.

பக்கத்து வீட்டில் ஒரு அன்ரி இருந்தார், ஓய்வு பெற்ற தபால் ஊழியரின் மனைவி. முதல் வாரம் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "பிள்ளை, இரவு வேலைக்குப் போறனீங்களோ? பெடியன் அழுதவன்" என்றார். எனக்கு அது குத்தியது. என்னைக் குறை சொல்கிறார் என்று நினைத்து, மூன்று நாள் முகம் கொடுக்காமல் இருந்தேன். நான்காம் நாள் கையில் ஒரு நீளமான கடித உறையோடு வாசலில் நின்றார். கணவரின் ஓய்வூதியம் பற்றிச் சிங்களத்தில் வந்த கடிதம். நாங்கள் மலைநாட்டில் வளர்ந்தவர்கள், சிங்களம் தண்ணீர் போல. வாசித்துச் சொல்லி, பதிலும் எழுதிக் கொடுத்தேன். அதிலிருந்து அந்த ஒழுங்கையில் எந்தச் சிங்களக் கடிதம் வந்தாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அதற்குக் கைமாறாக என் மகன் பின்னேரங்களில் அன்ரி வீட்டுத் திண்ணையில்தான் சாப்பிட்டான், பாடம் படித்தான், சண்டை பிடித்தான். வேலைக்குப் போகும் தாய்க்கு அயல் வீடு என்றால் என்ன என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. புது இடத்தில் உதவி கேட்க எல்லோருக்கும் கூச்சம். நமக்குத் தெரிந்த ஒன்றை முதலில் கொடுத்துவிட்டால் அந்தக் கூச்சம் பாதி போய்விடும்.

மார்ச் மாதம் பக்கத்து ஊரான கிண்ணியாவில் டெங்கு பரவியது. அங்குள்ள பாடசாலைகளைக்கூடச் சில நாள் மூடினார்கள். வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு பேர். நான் வீட்டுக்கு வந்தால் குளிக்காமல் யாரையும் தொடமாட்டேன், அப்படியே விழுந்து தூங்குவேன். என்னோடு வேலை செய்த கிண்ணியாத் தாதி ஒருவர், 2009இல் பாலம் திறக்கும் வரை துறையைக் கடக்கப் பாதையில்தான் வரவேண்டும் என்று சொல்வார். இங்கே பாதை என்றால் வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவை. "பாலம் இல்லாத காலத்தில இந்தக் காய்ச்சல் வந்திருந்தா..." என்று தொடங்குவார், முடிக்கமாட்டார்.

அந்த மாதம் வீட்டில் இரண்டு காரியம் செய்தோம். கிணற்றில் கப்பி மீன் விட்டோம். தண்ணீர் பிடித்து வைக்கும் பீப்பாய்களுக்குப் பழைய நுளம்பு வலையை வெட்டி, ரப்பர் பட்டி போட்டுக் கட்டினோம். வறண்ட ஊரில் எல்லோரும் தண்ணீரைச் சேமித்து வைப்பார்கள், நுளம்பும் அந்தத் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். இரவில் மட்டும் வலை கட்டிவிட்டு நிம்மதியாக இருந்த குடும்பங்களைத்தான் வார்டில் அதிகம் கண்டேன். டெங்கு நுளம்பு கடிப்பது பகலில்.

மே மாதம் ஒரு நாள் அன்ரி, "கச்சான் தொடங்கிட்டுது, இனிப் பாருங்கோ" என்றார். மகன் சந்தோஷமாக, "எங்க அன்ரி விக்கிறாங்க?" என்று கேட்டான். கச்சான் என்றால் எங்களுக்கு நிலக்கடலை, வறுத்துச் சுருளில் கட்டித் தருவதுதான். இங்கே அது காற்று. மேற்கிலிருந்து தரையைத் தடவி வரும் காற்று, மழையை மலையில் இறக்கிவிட்டு வெறும் சூட்டோடு இந்தப் பக்கம் வருகிறது. அதே தென்மேற்குப் பருவக்காற்றில்தான் ஹட்டனில் குடை காயாது. எங்கள் ஊரில் மழையாகப் பெய்தது இங்கே புழுதியாக வீசுகிறது என்று நினைத்தால் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது, வேர்க்காத நேரத்தில் நினைத்தால்.

அப்போதுதான் வீட்டின் மேற்குச் சுவர் தன் குணத்தைக் காட்டியது. பிள்ளைகளின் அறை அந்தப் பக்கம். நிழலுக்கு ஒரு மரம் இல்லை. மேலே சீற் கூரை, உள்ளே சீலிங் இல்லை. பின்னேரம் 2 மணிக்கு வெயில் சுவரில் ஏறினால் 6 மணி வரை இறங்காது. இரவு 9 மணிக்குச் சுவரில் கை வைத்தால் அடுப்பங்கரைச் சுவர் மாதிரி இருக்கும். வெளியே 35 பாகையைத் தாண்டிய நாட்களில் உள்ளே எவ்வளவு என்று அளக்கவில்லை, அளந்து என்ன செய்ய. மின்விசிறி இரண்டு வாங்கினோம். சூட்டை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தள்ளியது, அவ்வளவுதான். மகன் இரவில் எழுந்து வந்து சமையலறை சீமெந்துத் தரையில் படுப்பான்.

சாக்கை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டோம். புழுக்கம்தான் கூடியது. கடைசியில் அன்ரியின் கணவர் வந்து பார்த்துவிட்டு, கிடுகு, அதாவது பின்னிய தென்னோலை, வாங்கிவரச் சொன்னார். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, கூரை உயரத்துக்குக் கிடுகுத் தட்டி நிறுத்தி, சீற்றுக்கு மேலும் ஒரு வரிசை பரப்பிக் கயிற்றால் கட்டினார். மின்விசிறிகளுக்குக் கொடுத்த காசில் கால்வாசிகூட ஆகவில்லை. அன்றைக்கு இரவே மகன் கட்டிலில் தூங்கினான். கிடுகுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும், ஒட்டிக் கட்டினால் பயனில்லை என்று பெரியவர் இரண்டு தரம் சொன்னார்.

வீட்டைவிட முக்கியமாக மாற வேண்டியிருந்தது எங்கள் நேரம். ஹட்டனில் காலை 5 மணிக்குப் போர்வைக்கு வெளியே கை நீட்டமாட்டோம். வேலை எல்லாம் வெயில் வந்த பிறகு. அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து, காலை முறை முடிந்து 1 மணிக்கு வெளியே வந்ததும் நேரே சந்தைக்குப் போவேன். வீட்டுக்கு வந்தால் உடுப்புத் துவைப்பேன். தலைவலி, எரிச்சல், பிள்ளைகள் மேல் கத்தல். ஊரைப் பார்த்தால் அந்த நேரத்தில் தெருவில் நாய்கூட இல்லை. சின்னக் கடைக்காரர்கள் பலகையைச் சாத்திவிட்டுத் தூங்குகிறார்கள். முதலில் சோம்பேறிகள் என்று நினைத்தேன், பொய் சொல்லக்கூடாது. பிறகு பார்த்தால் அவர்கள் விடிவதற்கு முன்பே பாதி நாளை முடித்துவிட்டிருக்கிறார்கள்.

நாங்களும் மாறினோம். 4 மணிக்கு அடுப்பு. 4.30க்குப் பிள்ளைகள் புத்தகத்தோடு வாசலில், அந்த நேரத்தில்தான் காற்றில் கொஞ்சம் ஈரம் இருக்கும். பாடசாலை விட்டு வந்தால் சாப்பிட்டு 4 மணி வரை தூக்கம், யார் வந்தாலும் கதவு திறப்பதில்லை. 5.30க்குப் பிறகுதான் கடை, டியூஷன், கோயில் எல்லாம். அடுத்த வருடம் ஓகஸ்ட்டில் மகன் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதினான். அவன் படித்ததில் பெரும்பங்கு விடியற்காலைப் படிப்புத்தான்.

மீனிலும் இதே கதை. ஜனவரியில் விலை கேட்டுவிட்டு, கடல் இருக்கிற ஊரில் மீன் இந்த விலையா என்று வாய் பிளந்தேன். கணவருக்குத் தொலைபேசியில், "இங்கே கருவாடுதான் நமக்குக் கட்டும்" என்றேன். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பு, படகுகள் போவது குறைவு என்று யார் எனக்குச் சொன்னார்கள்? மேயிலிருந்து இந்தப் பக்கக் கடல் குளம் மாதிரி கிடக்கும். கரைவலை இழுப்பார்கள். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வரும் நானா ஒருவர் காலை 7 மணிக்கு ஒழுங்கை முனையில் ஹோர்ன் அடிப்பார். கீரியும் சாளையும் மலிந்து கிடக்கும். பாரை, விளை என்று பெயர் சொல்லிக் கேட்க எனக்கு ஒரு வருடம் ஆனது. அதுவரை "அந்தப் பெரிசு, அந்தச் சின்னது" தான். நானா சிரித்துக்கொண்டே, "தங்கச்சி, கண்ணைப் பாருங்க, செவுளைப் பாருங்க, பேரை விடுங்க" என்பார். மரக்கறி நேர்மாறு. லீக்ஸும் கரட்டும் எங்கள் ஊரிலிருந்து தம்புள்ளை சுற்றி வந்து, வாடி, இரண்டு மடங்கு விலையில் கிடக்கும். அதைத் தேடி அலைவதை விட்டுவிட்டு முருங்கை, பயற்றை, கத்தரிக்கு மாறிய மாதம் சமையல் செலவு இறங்கியது. தம்பலகாமத்து எருமைத் தயிரைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன், விடுகிறேன்.

கிணறு ஓகஸ்ட்டில் அடிக்கு இறங்கி உப்புக் கரித்தது. பருப்பு அந்தத் தண்ணீரில் மணிக்கணக்காக வேகாது. குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீர், குளிக்கக் கிணறு என்று பிரித்துக்கொண்டோம். துரு இன்னொன்று. கடற்கரைக்குக் கிட்ட இருந்தால் கேற் பிணைச்சல், பள்ளிக்கூடப் பையின் சிப், குளிர்சாதனப்பெட்டியின் பின்பக்கம், எதையும் விடாது. வாரம் ஒரு தரம் எண்ணெய்த் துணி. ஹட்டனிலிருந்து மூட்டை கட்டி வந்த கம்பளிகளில் முதல் மாரியிலேயே பூஞ்சணம் பூத்தது. இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை ஊருக்கே திருப்பி அனுப்பினேன்.

மகளுக்குப் பிரச்சினை வெயில் இல்லை. முதல் வாரம் பாடசாலையிலிருந்து வந்து, "அம்மா, நான் படத்தில வர்றவங்க மாதிரி கதைக்கிறேனாம்" என்றாள். கேலியா, பாராட்டா என்று அவளுக்கே தெரியவில்லை. கொஞ்ச நாள் வகுப்பில் வாயே திறக்கவில்லை. அதைவிடப் பெரிய வெட்கம் இன்னொன்று: வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் சைக்கிளில் வருகிறார்கள், இவளுக்கு ஓட்டத் தெரியாது. எங்கள் ஊரில் எங்கே ஓட்டுவது? வாசலை விட்டால் ஏற்றம், இல்லாவிட்டால் பள்ளம். இங்கே தரை தட்டையாகக் கிடக்கிறது. டியூஷன், நூலகம், தோழி வீடு எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான் கால். அது இல்லாத பிள்ளை தனியாகிவிடும்.

பழைய சைக்கிள் ஒன்று வாங்கினோம். 14 வயதுப் பெண் விழுந்து எழும்புவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று, விடிய 5 மணிக்குக் கடற்கரை வீதிக்குக் கூட்டிப் போவேன். இரவு வேலை முடிந்து வந்த நாட்களில் அத்தை போவார். எழுபது வயது மனுஷி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கேரியரைப் பிடித்தபடி பின்னால் ஓடுவார். மூன்றாவது கிழமை, வலை இழுக்க வந்தவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் அத்தையின் கையை விட்டுப் போய்விட்டாள். நிறுத்தத் தெரியாமல் மணலில் புகுந்து விழுந்தாள். அவர்கள் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு வகுப்பில் பேச்சும் வந்துவிட்டது, அவர்களுடைய "இல்லையோ", "என்னெண்டு" எல்லாம் சேர்த்து. இப்போது ஹட்டனுக்குப் போனால் அங்கே இவளைக் கேலி செய்கிறார்கள்.

புதிதாக வருகிறவர்கள் கடலில் இறங்குவது பற்றியும் ஒரு வார்த்தை. நாங்கள் ஆறும் அருவியும் கண்டவர்கள், நீச்சல் தெரியாது. நவம்பர் முதல் மாரி முடியும் வரை பிள்ளைகளைக் கடலில் இறக்குவதே இல்லை என்று வைத்துக்கொண்டோம். மற்றக் காலத்திலும் கரையில் நிற்கும் மீனவரிடம் கேட்டுவிட்டுத்தான். அத்தைக்குக் கடலைவிடக் கன்னியா வெந்நீரூற்றுத்தான் பிடித்தது. ஏழு கிணறும் ஏழு சூடு. "விறகில்லாம வெந்நி" என்று அடுத்த வாரமும் போகக் கிளம்பினார். அது இராவணன் தாய்க்கு ஈமக்கடமை செய்த இடமாம், இன்றும் 31ஆம் நாள் அந்தியேட்டிக்குச் சனம் அங்கேதான் போகிறது என்று அன்ரி சொன்னதும் கொஞ்சம் யோசித்தார். ஆனாலும் போனார்.

செப்டெம்பரில் அந்த வீட்டை விட்டோம். ஒப்பந்தம் முடியவில்லை என்று முற்பணத்தில் இரண்டு மாத வாடகையை வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். ஒரு மாத அறிவித்தலோடு விடலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும். புது வீடு நகருக்குள், திருஞானசம்பந்தர் வீதிக்குக் கிட்ட. மேற்குப் பக்கம் பெரிய வேம்பு. அத்தை ஹட்டனிலிருந்து கொண்டுவந்த ரோஜாக் கிளைகளில் ஒன்றுதான் கச்சானில் தப்பியிருந்தது. அதை முன் முற்றத்தில் நட்டார். மூன்றாம் நாள் காலையில் தண்டு மட்டும் நின்றது. யாரோ பொறாமையில் ஒடித்துவிட்டார்கள் என்று அத்தை திட்டித் தீர்த்தார். மறுநாள் இரவு நான் வேலையிலிருந்து வந்தபோது குற்றவாளி வாசலிலேயே நின்றது, கொம்போடு ஒரு புள்ளிமான். கோட்டைப் பக்கத்து மான்கள் இரவில் தெருவெல்லாம் உலாவும். இந்த ஊரில் மல்லிகையைக்கூட மதிலுக்கு உள்ளேதான் வளர்க்க வேண்டும்.

நகருக்குள் வந்த பிறகு ஊரின் நாட்காட்டியும் பழக வேண்டியிருந்தது. நவராத்திரி முடிகிற இரவு வேலைக்குக் கிளம்பினேன். ஓட்டோக்காரர் பாதி வழியில் நிறுத்தி, "கும்பம் வருது அக்கா, இனி அசையேலாது" என்றார். உடுக்குச் சத்தத்தோடு கும்பம் தலையில் வைத்து ஆடி வருகிறார்கள், தெரு முழுக்கச் சனம். அரை மணி நேரம் பிந்திப் போய்ப் பேச்சு வாங்கினேன். சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும் நாட்களிலும் அப்படித்தான். இப்போது பணி அட்டவணை போடும்போதே அந்த நாட்களில் பகல் முறை கேட்டுவிடுவேன்.

அலஸ்தோட்டத்து அன்ரி வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பொலித்தீன் பை எப்போதும் தொங்கும். காணி உறுதி, அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகம், ஒரு டோர்ச். 2004 சுனாமிக்குப் பிறகு தொங்குகிறது. நானும் அப்படி ஒன்று செய்தேன், லொறிக் கதை ஞாபகத்தில். 2020 டிசம்பர் 2ஆம் தேதி புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை தொட்டது. அன்று மாலை அன்ரியும் கணவரும் அந்தப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இரவு முழுக்க வேம்பு அலறியது. அத்தையும் அன்ரியும் நடுச்சாமம் வரை பழைய கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வார்டில் இருந்தேன், இதெல்லாம் மகள் சொல்லித்தான் தெரியும்.

போன ஜனவரியில் மலைநாட்டுப் பண்டாரவளையிலிருந்து ஒரு இளம் தாதி மாற்றலாகி வந்தாள், கைக்குழந்தையோடு. வீடு பார்க்கத் துணைக்கு வரச் சொன்னாள். உப்புவெளியில், மழையில் கழுவிய மாதிரி அழகான வீடு. "குளுகுளுன்னு இருக்குக்கா, இதையே எடுத்துரவா?" என்றாள். நான் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். மேற்கில் மணலுக்கு நடுவே அகலமான ஒரு மரக்கட்டை தெரிந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"மாமரம், தங்கச்சி. இலை கொட்டிக் கரைச்சல் எண்டு போன வருஷம்தான் வெட்டினது" என்றார்.